தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள்

மனுவேலின் மகள் றோசம்மாவுக்கு நாலு வயது. முதலில் வயிற்றுக்குத்து, பிறகு தின்றதெல்லாம் சத்தி, பிறகு வலிப்பு. செபித்துத் தண்ணீர் தெளித்தார்கள், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து பருக்கினார்கள். நெடுந்தீவு ஆசுபத்திரி டொக்டர்தான் அவர்களுடைய குசினிக்குள் எட்டிப் பார்த்தவர். பழைய கார் பற்றறியை உடைத்து, அந்த ஈயத்தை அடுப்பில் உருக்கி வலைக்குக் குண்டு வார்த்துவந்திருக்கிறான் மனுவேல். பிள்ளை பக்கத்திலிருந்து புகையைக் குடித்திருக்கிறது.

ஈயநஞ்சை முறிக்கிற மருந்து வந்து ஆசுபத்திரி அலுமாரிக்குள் இருந்தது. இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று கொழும்பில் அளந்து சொன்னால்தான் ஊசி போடலாம் என்றார் டொக்டர். அறுபத்தோராம் ஆண்டு ஆடி மாதம், சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளித்தபடி. வலிப்பு வருகிற பிள்ளையை லோஞ்சில் ஏற்றிக் கடல் தாண்ட வழியில்லை. கடைச்சாமான் எடுக்கக் கொழும்பு போகிற நான் இரத்தப் போத்தலைக் கொண்டுபோக ஒத்துக்கொண்டேன்.

கடல் தாண்டுகிற எண்ணெய்ப் போத்தலுக்கு, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கிழித்து மூடிக்குக் கீழே வைத்து இறுக்குவது எங்கள் கடை வழக்கம். ஒரு துளி ஒழுகாது, வாங்குகிறவனும் குறை சொல்லி விலை குறைக்கமாட்டான். டொக்டர் தந்த இரத்தப் போத்தலின் மூடியில் கசிவு கண்டேன். அவரைவிட எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. அதற்கும் தாள் வைத்து இறுக்கினேன்.

போத்தலைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். பன்னிரண்டாம் நாள் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. போத்தலுக்குள் ஈயத்தாள், வந்த அளவு மிக அதிகம், அதை நம்ப ஏலாது, புதிதாக அனுப்பவும்.

அதற்குள் பிள்ளை எழும்ப மாட்டாமல் கிடந்தது. நான் டொக்டரிடம் ஓடிப்போய்ப் பேரம் பேசினேன். கற்ற தொழில் அது ஒன்றுதான்.

"வந்த கணக்கில அரைவாசியைக் கழியுங்கோ டொக்டர். முக்காலைக் கழியுங்கோ. அப்பவும் நஞ்சுதானே? ஊசியைப் போடுங்கோ."

"இது கத்தரிக்காய் இல்லைக் காணும். கணக்குப் பிழைச்சால் அந்த ஊசியே சிறுநீரகத்தைக் கெடுத்துப்போடும். எது பிள்ளையின்ர ஈயம், எது உம்மட தாளின்ர எண்டு ஆர் சொல்றது?"

புது இரத்தம் எடுக்கத் திரும்பக் குத்தினார்கள். கையில் நரம்பு அகப்படவில்லை. நாலாம் குத்தில், தொடைமடிப்பிலிருந்து கொஞ்சம் வந்தது. பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

போத்தலை வாங்கக் கையை நீட்டினேன். தாய் நேசம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்கள் தொடாதேயுங்கோ அண்ணை. இவர் கொண்டுபோவார்."

மனுவேல் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் போனவனில்லை, வாசிக்கவும் தெரியாது. கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது, யாரிடம் கேட்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். அவன் உதட்டை அசைத்துப் பாடமாக்கினான். ஒரு தெருவின் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தவறியது.

லோஞ்சு புறப்பட்டது. இன்னொரு பன்னிரண்டு நாளுக்குப் பிள்ளை தாங்குமா என்று, துறையில் நின்ற டொக்டரிடம் நான் கேட்கவில்லை. அவரும் என்னைப் பார்க்காமலே ஆசுபத்திரிப் பக்கம் நடந்தார்.