கழுவி வைத்த பர்கண்டி

லேபிள்களைக் கழற்றியது நான்தான். கழற்றினேன் என்றால் ஏதோ திட்டம் போட்டுச் செய்ததுபோல இருக்கிறது. உண்மையில் குளிப்பாட்டினேன். அக்கா வீட்டுச் சமையலறைத் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, சோப்பு கரைத்து, ஆறு பாட்டில்களையும் ஊறப்போட்டு, பூஞ்சை போகத் தேய்த்தேன். காகிதங்கள் தோலுரிந்து கையோடு வந்தன. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஒட்டியிருந்த பசை கண்ணை உறுத்தியது. அதையும் நாரால் சுரண்டி எடுத்துவிட்டு, துண்டு விரித்து வரிசையாக நிறுத்தி, சற்றுத் தள்ளி நின்று ரசித்தேன்.

ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவர்களை மேய்ப்பது என் வேலை. மேசைமேல் விரலை இழுத்துப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மின்விசிறியின் இறக்கையைத்தான் பார்ப்பேன். அதனாலேயே யாரும் கூப்பிடுவதில்லை. அன்று அந்தப் பாட்டில்களுக்கு விலை சொல்ல ஓர் அம்மா வருவதாக இருந்தது. முகம் கழுவாத பிள்ளையைப் புகைப்படத்துக்கு நிறுத்துவதா என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் குற்றம்.

அத்தான் ஒரு பெரிய உணவகத்தில் ஒயின் பரிமாறியவர். அந்த இடத்தை மூடியபோது முதலாளி சம்பள பாக்கிக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தார்: ஆறு பாட்டில், பிரான்ஸின் பர்கண்டி, வெள்ளை ஒயின், அப்போதே வயதானது. ரசீது கிடையாது. இப்போது முதலாளியும் கிடையாது. பெட்டி அத்தானின் கட்டிலுக்கு அடியில் போனது. ஒயினுக்குக் குளிர் வேண்டும் என்று அந்த அறையில் ஏசியை நிறுத்தவே விடமாட்டார். பெட்டி சுகமாகத் தூங்கியது. அக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

இப்போது அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். குணமாகி அல்ல. அதே நேரம் பார்த்து வீட்டுக்காரர் வீட்டை விற்கக் கிளம்பினார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுத்தால் அக்காவுக்கே தருவார். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். அத்தான் கவலையே படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனாலும் உங்க அக்கா இந்த வீட்ட விட்டுப் போக வேண்டாம் மாப்ளே. எல்லாம் கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றார்.

அந்த எல்லாவற்றையும்தான் நான் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன்.

அத்தானுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அக்கா வெளியே வந்தாள். பளபளவென்று நின்ற ஆறு பாட்டில்களையும் பார்த்தாள்.

"என்னடா இது?"

"கழுவிட்டேன்க்கா. ஒரே பூஞ்சை."

"பேப்பர் எங்கடா?"

குப்பைத் தொட்டியைக் காட்டினேன். அக்கா அதைத் திறந்து பார்த்தாள். முந்தைய நாள் சாதத்தோடு சேர்ந்து கூழாகக் கிடந்தது. திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். சின்ன வயதில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் முதுகில் வைத்திருக்கிறாள். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அவர்கிட்ட சொல்லிடாத" என்றாள். நாலு வைத்திருந்தால் தேவலாம்.

வந்த அம்மா கையில் சின்ன டார்ச்சும் ஓர் அளவுகோலும் வைத்திருந்தார். ஒரு பாட்டிலை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"யார் சார் சுத்தம் பண்ணது?"

"நான்தான் மேடம்."

"ரொம்ப சுத்தமா இருக்கு."

இத்தனை வருட வேலையில் இப்படி ஒருவர் சொல்ல மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். இன்றா சொல்ல வேண்டும்?

ஒவ்வொரு பாட்டிலாகக் கழுத்தைப் பிடித்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். மூடிக்கும் ஒயினுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தார். அது அதிகமானால் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தமாம். பச்சைக் கண்ணாடிக்குள் எல்லாமே பொன்னிறமாகத்தான் தெரிந்தன.

"நல்லாத்தான் வெச்சிருக்கார்" என்றார்.

"அப்போ எவ்வளவு தேறும்?"

"அது பல விஷயத்தைப் பொறுத்தது சார்."

"எந்த விஷயம்?"

"சந்தை நிலவரம். வாங்குறவங்க மனசு. இப்படி எத்தனையோ."

எனக்கு இந்தப் பாஷை புரியும். ஏழாவது மாடிக்கு வெந்நீர் எப்போது வரும் என்று விருந்தினர் கேட்டால், நாங்களும் "பாத்துக்கிட்டே இருக்கோம் சார்" என்றுதான் சொல்வோம். அத்தானின் டாக்டரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லேபிள் இல்லாம விக்கவே முடியாதா?" என்று அக்கா கேட்டாள்.

"கார்க்ல பேரும் வருஷமும் அச்சடிச்சிருக்கும்மா. ஆனா அதைப் படிக்கணும்னா மேல இருக்கிற உறையை வெட்டணும். வெட்டின பாட்டில எவனும் தொடமாட்டான்." அவர் டார்ச்சை அணைத்தார். "இன்னொண்ணு. அந்தக் காலத்து வெள்ளை ஒயின்ல சிலது சீக்கிரமே செத்துப்போகுது. ஏன்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க. ஒரே பெட்டியில ஒண்ணு அமிர்தமா இருக்கும், பக்கத்துல இருக்கிறது பிணமா இருக்கும். வெளியேருந்து சொல்ல முடியாது. ஒண்ணைத் திறந்து பாக்கலாம். பேரும் இருந்து, உள்ள உயிரும் இருந்தா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மீதி அஞ்சையும் நம்பி வாங்கினாலும் வாங்குவார்."

அக்கா யோசிக்கவில்லை. "திறங்க. அவரும் ஒரு வாய் குடிக்கட்டும்."

அந்த நேரத்தில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அது செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். செத்திருந்தால் நான் பிணத்தைத்தான் குளிப்பாட்டியிருக்கிறேன், பழி இல்லை. உயிரோடு இருந்தால், அக்காவின் வீட்டைச் சாக்கடையில் விட்டவன் நான். வீடு போனாலும் பரவாயில்லை, என் தலை தப்ப வேண்டும். தம்பி என்றால் இப்படி ஒருவன் வேண்டும்.

லேபிள் இல்லாத பாட்டில் அத்தானின் கண்ணில் படக்கூடாது என்று ஹோட்டலில் செய்வதுபோல வெள்ளைத் துணியைச் சுற்றி எடுத்துப் போனேன். வெளிச்சம் அவருக்கு ஆகாது, திரை மூடியிருந்தது. துணியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியாடி உன் தம்பிய. பதினஞ்சு வருஷம் கத்துக் கொடுத்தேன், இன்னைக்குத்தான் ஒழுங்கா துணி சுத்தியிருக்கான்."

அந்த அம்மா நிதானமாகத் திறந்தார். கார்க் பாதியில் உடைந்தது. உடைந்த துண்டில் பேரும் வருஷமும் பளிச்சென்று இருந்தன. அத்தான் சொன்னது அத்தனையும் நிஜம். பிறகு கிளாஸில் ஊற்றினார். பாட்டிலுக்குள் பொன்னாகத் தெரிந்தது, வெளியே வந்ததும் ஆறிப்போன டீ நிறமாக இருந்தது. அழுகிய ஆப்பிளும் நனைந்த அட்டைப்பெட்டியும் சேர்ந்த வாடை. மழையில் மூழ்கிய எங்கள் ஹோட்டல் கிடங்கு நினைவுக்கு வந்தது.

"மருந்து என் மூக்கத் தின்னுடுச்சு மாப்ளே. நீ சொல்லு. என்ன வருது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மூக்கை கிளாஸுக்குள் விட்டேன்.

"தேன் வருது அத்தான்."

"அப்புறம்?"

"வறுத்த பாதாம். கொஞ்சம் வெண்ணெய்."

சாப்பாட்டு மேசையில் அவர் இதையெல்லாம் சொன்னபோது, 'மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி இருக்கே' என்று கிண்டல் செய்தவன் நான். இப்போது அதே லிஸ்ட் கைகொடுத்தது.

"எலுமிச்சை?"

"கடைசியில லேசா வருது."

அவர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். "மேடம், இவன் பொய் சொல்றவன். நீங்க சொல்லுங்க."

அந்த அம்மா கிளாஸை வாங்கி முகர்ந்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "உங்க மச்சான் சரியாத்தான் சொல்றார் சார்."

அக்கா ஸ்பூனால் அவர் உதட்டை நனைத்தாள். அவர் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. நல்லா இருந்தா சரி" என்றார். பிறகு அக்காவிடம், "இந்த அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லு. இனி நம்ம வீடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா மிச்சத்தைச் சமையலறைத் தொட்டியில் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்து விட்டபடியே நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் அந்த அம்மாவோடு லிஃப்ட்வரை போனேன். ஒரு கேவலமான நிம்மதி நெஞ்சுக்குள் நெளிந்துகொண்டிருந்தது.

"அப்போ நான் கழுவினதால ஒண்ணும் கெட்டுப்போகல. இல்லையா மேடம்?"

"அப்படியும் சொல்லலாம். மத்த அஞ்சும் இப்படித்தான் இருக்கணும்னு இல்ல. அது..."

"பொறுத்ததுன்னு சொல்லாதீங்க மேடம். நானும் அந்தப் பாஷை பேசித்தான் சோறு திங்கிறேன். லேபிள் மட்டும் இருந்திருந்தா, எங்க அக்காவுக்கு இந்த வீடு கிடைச்சிருக்குமா, கிடைச்சிருக்காதா?"

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவர் உள்ளே போகவில்லை. டார்ச்சைப் பைக்குள் போட்டு, பையை மூடி, முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தார்.

"கிடைச்சிருக்கும் சார். ஆறு பாட்டிலும் அந்தப் பூஞ்சை பிடிச்ச லேபிளோட இருந்திருந்தா, இன்னைக்கே எடுத்திருப்பாங்க. உள்ள ஆறும் செத்திருந்தாலும். இந்த மாதிரி பாட்டில வாங்குறவங்க யாரும் திறக்கிறதே இல்ல."