செம்பிக்குள் குடியிருந்த கிருமி

ஊர் ஊராகச் சுற்றினால் வயிற்றுவலி, ஒரே வீட்டில் தங்கிவிட்டால் சாவு. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

கிருமி. நாமக்கல்லுக்குப் பக்கத்தில், தாரகை என்ற சிறுமி இருந்த ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். அங்கே கிருமிகள் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குக் குடிபோகும் முன் நேரில் வந்து கேட்கும். கேட்காமல் நுழைவது மரியாதையில்லை.

அன்று காலை தாரகையின் கோழி செம்பி இரை எடுக்கவில்லை. கொண்டை வெளுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றது. குஞ்சாக இருந்தபோது தாரகையின் சட்டைப்பைக்குள் தூங்கிய கோழி அது. அவள் அதை மடியில் எடுத்து வைத்ததும், அலகின் ஓரத்திலிருந்து ஒரு கிருமி இறங்கி வந்து அவள் கட்டைவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்தது.

"அம்முணி, இந்த வீடு நாளைக்குத் தாங்காதுங்க. உங்ககிட்ட எடம் இருக்குமா?"

"செம்பி செத்துப்போயிருமா?"

"நாங்க இருந்தாப் போயிருமுங்க. கெளம்பிட்டாப் பொழைச்சுக்கும்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குமுதவல்லி கையைத் துடைத்தபடி வந்தாள். "வாங்க. இதுக்கு முன்னால எங்க இருந்தீங்க?"

கிருமி சொன்னது. அதன் முன்னோர் நாடோடிகள். கோழி, காக்கை, ஆடு, மனிதர் என்று யாருக்குள்ளும் தங்குவார்கள். வயிற்றைக் கொஞ்சம் கலக்கிவிட்டுக் கிளம்புவார்கள். அதனால் நீந்தத் துடுப்பும், எல்லா வீட்டுச் சாப்பாட்டையும் செரிக்கிற வித்தையும் எப்போதும் கையோடு இருந்தன. பிறகு அவர்களில் சிலர் கோழிக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். அங்கே தேவைப்படாததெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைந்தது. துடுப்பும் போயிற்று. பாரம் குறையக் குறைய உள்ளே உள்ளே போனார்கள், குடலைத் தாண்டி ஈரல் வரை.

"ஈரல்ல போய் உக்காந்தா வீடு விழாம என்ன பண்ணும்?" என்றாள் குமுதவல்லி.

"தெரியுதுங்க்கா. வேற எங்கயும் இருந்து பழக்கமில்லையே."

தாரகை உள்ளங்கையை நீட்டினாள். கிருமி இறங்கிக் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு நகத்துக்கே திரும்பியது.

"குளிருதுங்க." கோழியின் உடம்பு மனித உடம்பைவிடச் சூடு.

"ஸ்வெட்டர் போட்டுக்கங்க."

"நான் மாற முடியாது அம்முணி. எம் புள்ளைகள்ல ஒண்ணு தப்பாப் பொறக்கோணும்."

காத்திருந்தார்கள். கிருமி இரண்டாயிற்று, நாலாயிற்று, நகம் நிறைந்தது. பிறந்ததெல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. குமுதவல்லி மிச்சப் பாத்திரத்தையும் கழுவி முடித்தாள். வெயில் வாசல்படிக்கு வந்தபோது ஒன்று தப்பாகப் பிறந்தது. அதற்கு உள்ளங்கை குளிரவில்லை.

"இவன் ஒருத்தன் போதும்," என்றது பெரிய கிருமி. "வம்சம் நிக்கும். நாங்க எல்லாரும் கோழிய விட்டு எறங்கி வெயில்ல காய்ஞ்சுக்கறோம்."

"அப்பறம் இவன் எம் புள்ளைக்குள்ள பேரன் பேத்தி எடுத்து, அவ ஈரலுக்கும் போவான்," என்றாள் குமுதவல்லி.

"தங்கினாப் போவானுங்க. பொய் சொல்லக் கூடாது."

ஆனாலும் வீடு மாறுகிறவர்களைப் பால் காய்ச்சாமல் குடிவைக்கும் வழக்கம் குமுதவல்லிக்கு இல்லை. அவள் அடுப்பைப் பற்ற வைத்ததும் கிருமிகள் எல்லாம் நகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

"காய்ச்சினா நாங்க இல்லீங்க்கா."

வந்தவர்கள் மனம் கோணக் கூடாது என்று அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பாலைப் பச்சையாகவே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். தப்பாகப் பிறந்தது அதில் இறங்கி மிதந்தது. அந்த ஊரில் உடம்பு யாருடையதோ முடிவும் அவருடையது. குமுதவல்லி மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மடியில் செம்பியின் தலை சாய்ந்தது.

"தங்காமப் போயிட்டே இருந்தா?" என்று கேட்டாள் தாரகை.

"ஈரலுக்குப் போக நேரமிருக்காதுங்க. கொஞ்சம் வயித்துவலியோட சரி. ஆனா துடுப்பில்லாதவன் எப்படிப் போவான்? யாராச்சும் வீடு வீடாத் தூக்கிட்டுப் போகோணும்."

"நான் தூக்கிட்டுப் போறேன்."

பக்கத்து வீட்டு ஆடு வேலியைத் தாண்டி வந்து அவளுக்குப் பின்னால் நின்றது. ஆட்டுக்குப் பின்னால் ஒரு காக்கை இறங்கி நின்றது. காக்கைக்குப் பின்னால், வேரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி, முருங்கை மரம் வந்து நின்றது.

வரிசையில் முதல் முறை தன்னுடையது என்று சொல்லிவிட்டு, தாரகை பாலைக் குடித்தாள்.