தோற்கிற உத்தியோகம்

வெள்ளூற்று ஜமீனில் சதுரங்கம் தோற்பவராக நான் வேலைக்குச் சேர்ந்தது 1861ஆம் வருஷம் சித்திரை மாதம். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த தாணுப்பிள்ளை தவறுதலாக ஜெயித்துவிட்டதால் இடம் காலியாகியிருந்தது.

விண்ணப்பத்தில் நான்கு கேள்விகள் இருந்தன. பெயர். ஊர். இதுவரை யாரிடமெல்லாம் தோற்றீர். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா.

ஆவுடைநாயகம் என்று எழுதினேன். கல்லிடைக்குறிச்சி என்று எழுதினேன். மூன்றாவது கேள்விக்கு எழுத ஒன்றுமில்லை. தாமிரபரணியின் இரண்டு கரையிலும் அதுவரை என்னை யாரும் ஜெயித்ததில்லை.

காரியஸ்தர் குற்றாலிங்கம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தோத்துப் பழக்கமே கெடையாதோ?"

"கெடையாது."

"பழகிக்கிடலாம்."

ஒரு வெள்ளாட்டைக் கொண்டுவந்து பலகைக்கு எதிரே நிறுத்தினார்கள். "இதுகிட்ட நீரு தோக்கணும்" என்றார் காரியஸ்தர். ஆடு முதலில் என் குதிரையைத் தின்றது. பிறகு தன் மந்திரியைக் காலால் தள்ளியது. நான் மிகவும் சிரமப்பட்டு, மத்தியானத்துக்குள் அதனிடம் தோற்றேன். ஆடு அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

"ரெண்டே சட்டந்தான்" என்றார் காரியஸ்தர். "ஆட்டம் முடியாம எந்திரிக்கப்படாது. ஜெயிச்சவரு இந்த மண்டபத்த விட்டுப் போகப்படாது."

"எஜமான் தெனமும் ஜெயிப்பாரே?"

"அவரு எங்க போகணும்? மண்டபமே அவருது. அங்கனதான் தின்னுக்கிடுதாரு, ஒறங்குதாரு."

வெளியே வந்து கதவைச் சாத்தும்போதுதான் தாணுப்பிள்ளையைச் சந்தித்தேன். அவர்தான் கதவு. ஜெயித்த அன்று மண்டபத்தை விட்டுப் போக முடியாமல் வாசலில் நின்றாராம். நிற்க நிற்க இப்படி ஆகிவிட்டது என்றார். நெற்றியில் திருநீறு இருந்தது. மார்பில் நாதாங்கி இருந்தது.

"மெதுவாச் சாத்தும்வே. இடுப்புல பிடிப்பு."

"எப்படி ஜெயிச்சீரு?"

"எஜமான் தன்னோட ராஜாவக் கொண்டாந்து பொறியில வச்ச மாதிரி வச்சிட்டாரு. எந்தக் காயத் தொட்டாலும் எனக்கு ஜெயம். தொடாம இருக்கவும் விடமாட்டாவ. நான் என்ன செய்ய?"

அன்றைக்கு ஆரம்பித்தது என் பயம்.

ஜமீன்தார் மோசமாக ஆடுவார். அவர் தோள் அகன்றவர், மெல்லிய குரல்காரர். மந்திரியை வழியில் நிறுத்திவிட்டு வெற்றிலை போடுவார். மோசமாக ஆடுகிறவரிடம் தோற்பதற்கு மற்ற யாரையும்விட நன்றாக ஆடத் தெரிய வேண்டும். அவருடைய ஒவ்வொரு தவறுக்கு அடியிலும் என்னுடைய தவறு ஒன்றைப் பாய் மாதிரி விரித்து வைக்க வேண்டும். அதுவும் அவருக்குத் தெரியாமல்.

ஜெயித்ததும் தொடையில் தட்டிச் சிரிப்பார். "பாவம்வே நீரு" என்பார். பனங்கற்கண்டு ஒரு கட்டி என் உள்ளங்கையில் வைப்பார். நான் தாணுப்பிள்ளையை மெதுவாகச் சாத்திவிட்டு, முப்பது அடி நீளமுள்ள நடைகூடத்தைக் கடந்து தெருவுக்கு வருவேன்.

வீட்டில் என் மனைவி உலகம்மை வாசல்படியில் நிற்பாள்.

"தோத்தீயளா?"

"தோத்தேன்."

அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் ரத்தம் ஓடும்.

சென்னையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நாட்டின் ஆட்டக்காரர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சொன்னார். நான் தோற்பதை ஆறு நாள் பார்த்தார். ஏழாம் நாள் குறிப்பேட்டில் என் பெயரை எழுதினார். கொஞ்ச நேரம் யோசித்து அதை அடித்துவிட்டார். என் ஆட்டத்தைப் பற்றி யாராவது எழுதியது அந்த ஒரு தடவைதான்.

பதினேழு வருஷம் தோற்றேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பதினேழாம் வருஷம் தை மாதம், ஆட்டத்தின் நடுவில், ஜமீன்தார் இறந்துபோனார். காய் நகர்த்த வேண்டியது அவர். வலது கை பலகையின் ஓரத்தில் இருந்தது. தலை சாயவில்லை. கண் மட்டும் மூடியிருந்தது. நான் காரியஸ்தரைக் கூப்பிட்டேன்.

"எஜமான் போயிட்டாரு."

"யோசிக்காரு."

"மூச்சு இல்ல."

"மூச்ச அடக்கித்தான் யோசிப்பாரு. உக்காரும்."

உட்கார்ந்தேன்.

தினமும் காலையில் அவருக்கு மாலை போட்டார்கள். பன்னீர் தெளித்தார்கள். அவர் உடம்பில் நாற்றம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. பலகையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததெல்லாம் மழைக்கு முந்திய மண்ணின் வாசனைதான்.

உலகம்மை சாப்பாடு கொண்டுவந்தாள். முதல் வாரம், "நடைகூடம் நீண்டுபோச்சு" என்றாள். அடுத்த வாரம் விடியக் கிளம்பியவள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். சோறு ஆறியிருந்தது. அதற்குப் பிறகு சோறு கெட்டுப்போகும் என்று அவல் கட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் தலையில் நரை கூடியிருந்தது. என் நகம் வளரவில்லை.

"எப்பம் வருவீய?"

"அவரு காய் வைக்கணும்."

அவள் ஜமீன்தாரின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "இவுகளுக்கும் எங்கயோ போணும் போலருக்கு" என்றாள். பிறகு திரும்பும் வழி தூரம் என்பதால் உடனே கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு நான் குனிந்து தண்ணீர் குடித்தேன். நிமிர்ந்தபோது ஜமீன்தாரின் யானை இடம் மாறியிருந்தது.

பலகையைப் பார்த்தேன். அந்த யானையை நான் வெட்டினால் ஜெயித்துவிடுவேன். வெட்டாவிட்டாலும் நான்கு நகர்த்தலில் ஜெயித்துவிடுவேன். என் காலாளுக்கு அடியில், எனக்குத் தெரியாத விதத்தில், ஒரு தவறு பாய் மாதிரி விரிக்கப்பட்டிருந்தது.

இது மோசமான ஆட்டம் இல்லை. இது என்னுடைய வேலை. பதினேழு வருஷமும் நான் எப்படித் தோற்றேன் என்பதை அவர் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஒரு நகர்த்தல் விடாமல் கற்றிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் தொடையில் தட்டிச் சிரித்திருக்கிறார்.

இப்போது அவருக்கு மண்டபத்தை விட்டுப் போக வேண்டும். சுடுகாடு ஊருக்குத் தெற்கே இருந்தது. தோற்றால்தான் போக முடியும்.

காரியஸ்தர் என் காதருகே குனிந்தார்.

"ஜெயிச்சிராதேயும்வே. எம் பொஞ்சாதி உம்ம பொஞ்சாதிகூடப் பேசுதவ. எனக்கு இன்னொரு கதவு வேண்டாம்."

அதன் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையின் கடினமான ஆட்டம். நான் குதிரையைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. அவர் மந்திரியைக் கொடுத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவர் அசையமாட்டார். இமை மூடித் திறப்பதற்குள் காய் மாறியிருக்கும். இரண்டு பேரும் ஒருவர் காலடியில் ஒருவர் விழுவதற்குப் போட்டிபோட்டோம். எத்தனை நாள் என்று தெரியாது. உலகம்மை அதற்குள் ஒரு தடவைதான் வந்தாள். கைத்தடி ஊன்றி வந்தாள்.

கடைசியில் பலகையில் ஏழு காய்கள் இருந்தன. ஒரு வழி தெரிந்தது. என் ராஜாவை மூலைக்குக் கொண்டுபோய், என் காய்களாலேயே அதன் வழியை அடைத்தேன். இனி ஜமீன்தார் எந்தக் காயைத் தொட்டாலும் அவருக்கு ஜெயம். தொட்டுத்தான் ஆக வேண்டும். தாணுப்பிள்ளை மாட்டிய அதே பொறி. எங்கள் பின்னால் கதவு ஒரு தடவை கிரீச்சிட்டது.

ஜமீன்தார் காய் வைக்கவில்லை. ஒரு நாள் முழுதும் வைக்கவில்லை. மறுநாள் அவருடைய மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கியது. மீசையில் தங்கி, மாலையில் சொட்டியது.

பதினேழு வருஷம் தினமும் எனக்குக் கற்கண்டு கொடுத்த மனிதர் அவர். என் முறை முடிந்துவிட்டது. இனி நான் மாற்றிவைக்க முடியாது. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதை நினைத்துக் கூசினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பலகையில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"எஜமான் ஜெயிச்சாரு" என்றார் காரியஸ்தர்.

எழுந்தேன். முழங்கால் வலிக்கவில்லை. தாணுப்பிள்ளை எனக்காகத் தானே திறந்துகொண்டார். "ஓடும்" என்றார்.

நடைகூடத்தின் மறுகோடி தெரியவில்லை. நெடுநேரம் நடந்த பிறகு எதிரே உலகம்மை வந்தாள். தலை முழுக்க வெள்ளையாகியிருந்தது. முதுகு வளைந்திருந்தது. அவல் கூடையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். திரும்பி நடந்தோம்.

அப்போதுதான் பின்னால் அழுகைச் சத்தம் ஆரம்பித்தது.

"யாரு அழுகா?"

"எஜமான்."

"செத்தவுக அழுவாகளா?"

"தெரியல. நட."

ஒரு பகல் முழுவதும் நடந்தோம். அழுகை குறையவில்லை. கூடவுமில்லை. எவ்வளவு நடந்தாலும் அது அதே தூரத்தில் இருந்தது. வாசலின் வெளிச்சம் ஒரு பொட்டு அளவுக்குத் தெரிய ஆரம்பித்தபோது உலகம்மை நின்றாள். காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"அது அவரு சத்தமில்ல" என்றாள். "எங்க வீட்டுக்காரவுக சத்தம்லா அது."

நான் வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. கன்னம் காய்ந்திருந்தது. தோற்பதற்கான போட்டியில் ஜெயித்தவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது.

உலகம்மை என் கையை விட்டாள். கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இரண்டடி தள்ளி நின்று, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். தெரியாத பெரிய மனிதர்களிடம் பேசும்போது அவள் அப்படித்தான் நிற்பாள்.

"நீங்க யாரு?" என்று கேட்டாள்.

பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் அழுகை நின்றது.