துறவிக்குக் கொடுத்த சம்மதம்

மகள் பிராமியின் ஆபீஸ்காரர்கள் திண்டிவனத்திலிருந்து வேன் பிடித்தார்கள். ஏற்காட்டு ஏரியைச் சுற்றியிருக்கும் வெள்ளைக்காரன் காலத்துத் தங்கும் பங்களாக்களைப் பார்ப்பது திட்டம். கூடவே வந்த அம்மா குணமதிக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. எறும்பை மிதித்தாலே மனம் பதறும் சைனக் குடும்பம். இங்கேயோ சுவரெல்லாம் மான் தலை. மகள் ஆசைப்பட்டாளே என்று வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

நான்காவது பங்களாவில் வழிகாட்டி சவுரிராயன் ஒரு படத்தைக் காட்டினார்.

"இங்க வேலை பாக்கறவங்க எல்லாம் பின்னால லயத்து வரிசை வீட்டுலதான் குடியிருக்காங்க. பத்து வருஷத்துக்கு முந்தி அவங்க எல்லாம் சேந்து எடுத்துக்கிட்ட கிறிஸ்துமஸ் படம் இது."

நடுவில் நின்றவரைப் பார்த்ததும் குணமதி படத்தருகே போனாள். மூக்கின் மேல் அதே வெட்டுத் தழும்பு. அவள் புருஷன் சாந்தனு!

இருபத்தாறு வருஷத்துக்கு முன் துறவறம் போகிறேன் என்று நின்றவர். மனைவி சம்மதித்தால்தான் போகலாம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர் முன்னால் சம்மதம் கொடுத்தாள். மறுநாள் வடக்கே நடந்துபோனார். அன்று முதல் துறவியின் மனைவி என்று ஊரில் அவளுக்குத் தனி மரியாதை. அவளும் பூ, பட்டு, நெய் எல்லாம் விட்டாள். அவர் தவத்தில் தனக்கும் பங்கு என்று நம்பினாள், பைத்தியக்காரி.

"இவரு யாருங்க?"

"எங்க மேனேஜருங்க. வேணி அக்காவைக் கட்டிக்கிட்டு இங்கயே தங்கிட்டாரு. அதோ, அவரே காபி கொண்டு வர்றாரு."

தலை நரைத்த சாந்தனு தட்டோடு வந்து, அவளைக் கண்டு அப்படியே நின்றார்.

"குணமதி..."

"யாரும்மா இவரு?" என்றாள் பிராமி.

"உங்கப்பா."

பிராமி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குணமதிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"ஊரு முன்னால சம்மதம் கேட்டீங்க, குடுத்தேன். இப்ப அதைத் திருப்பி வாங்கிக்கிறேன். வேன்ல ஒரு சீட்டு காலியா இருக்குது. அதே ஊரு முன்னால வந்து நீங்களே சொல்லுங்க."

"சொன்னா உன் மரியாதை என்னா ஆவும்?"

"அது என்னுது, போவட்டும். ஜல்தியா கெளம்புங்க."

சாந்தனு உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"என்னங்க, இன்னும் எத்தனை காபி?"