மூன்று மொழிக் கல் தோசை

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை கேன்டீனில் தோசை போடும் ரோஸி "கல் தோசை!" என்று கூவியதும், வரிசையில் நின்ற உள்ளூர் வடக்குப்பட்டுக்காரர்களின் தட்டில் ஆளுக்கொரு கருங்கல் விழுந்தது. கொரிய மேலாளர் தட்டில் கத்தி விழுந்தது; அவர் மொழியில் 'கல்' என்ற சத்தத்துக்குக் கத்தி என்று பொருளாம். பீகார் தொழிலாளிகளுக்கு எதுவும் விழவில்லை, அவர்களே காணாமல் போனார்கள். இந்தியில் நேற்றுக்கும் 'கல்'தான், நாளைக்கும் 'கல்'தான். சிலர் நாளைக்குப் போய் வேலையை முடித்துவிட்டு ஓவர்டைம் கேட்டார்கள். சிலர் நேற்றுக்குப் போய் அதே சாம்பாரை மறுபடி சாப்பிட்டுத் திட்டினார்கள். மூன்று சொற்களும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை, இந்த வரிசையில்தான் முதன்முதலாகச் சந்தித்தன.

ஒரே வாரத்தில் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். அருள்பாண்டி அந்தக் கற்களில் வீட்டுக்குக் காம்பவுண்டு எழுப்பினான். கத்திகளை ரோஸி வெங்காயத்துக்கு வைத்துக்கொண்டாள். ஆள் கணக்குதான் உதைத்தது. மனிதவள அதிகாரி ஜெபக்குமார், இன்னொரு முறை அந்தப் பேரைச் சொன்னால் வேலை போய்விடும் என்று எழுதியே கொடுத்துவிட்டார். அதன்பின் அவள் "தடி தோசை" என்று கூவினாள். பாதிப் பேர் வாங்கவில்லை.

வியாழக்கிழமை வெல்டிங் லைனில் வேலை பார்க்கும் பீகார் பையன் சந்தன் வந்து நின்றான். லைனில் இருக்கும்போது போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும்.

"நேத்து அப்பா ஆறு வாட்டி கூப்ட்டாரு அக்கா. நான் எடுக்கல. ராத்திரி செத்துட்டாரு. ஒரு தடவ சொல்லு."

"நாளைக்குப் போய்ட்டேன்னா இன்னா பண்ணுவ?"

"நாளைக்கு எப்டியும் போவணும்தான அக்கா."

புருஷன் இல்லாத ரோஸிக்கு இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை. ஜெபக்குமார் மூன்றடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கூவினாள். அவர் டீயில் கல் விழுந்தது. சந்தன் நின்ற இடம் காலியானது.

அவர் கொதித்துப்போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். புதன்கிழமை சந்தன் பெயருக்கு நேரே காலைவரை இருந்த 'வந்தார்', 'வரவில்லை' என்று மாறியிருந்தது. அதற்குள் சந்தனே கேட்டைத் தாண்டி ஓடி வந்தான். கண் வீங்கியிருந்தது. போனை நீட்டினான்: அப்பா, நேற்று, நாற்பத்தொரு நிமிடம்.

"பேசிட்டேன் சார். நேத்துக்கு லீவ் போட்டுக்கோ."

ஜெபக்குமாருக்குத் தொண்டை அடைத்தது. டீயோடு கல்லை விழுங்கிவிட்டதாக எல்லாரிடமும் சொன்னார்.

இப்போது அங்கே விடுப்புப் படிவத்தில் 'நேற்றைக்கு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பிக் கொடுத்தால் ரோஸி கூவுவாள். தவறி நாளைக்குப் போய்விடுகிறவர்கள் மறுநாள் வந்து மறுபடி வரிசையில் நிற்கிறார்கள்.