கைதட்டும் வரை கதவு திறக்காது

கூடாரத்து வாசலில் உட்கார்ந்து நனைந்த காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தேன். நான்காவது நாளாக மழை. விழாத் தொண்டர்கள் தங்குவதற்கென்று ஒதுக்கிய வயல் முழுக்கச் சேறு. குடைக்கடியில் கேஸ் அடுப்பு வைத்துப் போட்ட தேநீரில்கூடப் புல் வாசம். ஐம்பத்தெட்டு வயதில் இடுப்பு வலியோடு இப்படித் தரையில் படுத்துக் கிடக்க வேண்டுமென்று தலையெழுத்தா என்று கேட்டால், தலையெழுத்துதான். அதன் பெயர் எயர்லிஸ். என் முன்னாள் நாத்தனார்.

பாட்டுக்கும் கவிதைக்கும் வேல்ஸில் வருடாவருடம் நடக்கும் எய்ஸ்தெத்வொத் விழாவுக்கு வருகிற எல்லோரும் வெல்ஷ் மொழி மேலுள்ள ஆசையால் வருகிறார்கள். என்னோடு வகுப்பில் படித்தவர்களும் ஆசையைத்தான் சொன்னார்கள். நான் அந்த மொழியைக் கற்றது வன்மத்தால். தெற்கே ரோந்தா பள்ளத்தாக்கில் என் பிறந்த வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான். கல்யாணமாகி வடக்கே ஆட்டுப்பண்ணைக் குடும்பத்துக்குப் போனேன். இருபத்திரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் எயர்லிஸ் வீட்டு மேசையில் வறுத்த ஆட்டுக்கறி. எல்லோரும் வெல்ஷில் பேசிச் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் நானும் இரண்டு சொல் பேசிப் பார்த்தேன். வாயைத் திறந்ததும் எயர்லிஸ் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். எனக்கு உதவுகிறாளாம். உப்பை நகர்த்தச் சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் மேசையே குலுங்கும். என் கணவனும் சிரிப்பான். அர்த்தம் கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பான்.

அந்தச் சத்தத்தை அப்படியே மனதில் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். விவாகரத்துக்குப் பிறகு வகுப்பில் சேர்ந்த மூன்றாவது மாதம், பேருந்தில் வரும்போது அது தானாகப் புரிந்தது. "அவள விடுங்க, அவளும் இங்க ஒரு நாற்காலி." இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். இந்த விழாவில் சிறந்த கவிஞருக்குக் கொடுக்கும் பரிசே நாற்காலிதான். அந்த நாற்காலிக்காவது ஊரே எழுந்து நின்று மரியாதை செய்கிறது.

நிகழ்ச்சி நிரலில் தனிப்பாடல் போட்டிக்கு நேராக இரண்டாவது பெயர், மப்லி. எயர்லிஸின் மகள். பத்து வருடத்துக்கு முன் நான் அந்த வீட்டை விட்டு வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. பெரிய அரங்கின் வாசல்காரர்களுக்குத் தலைவர் இத்வால், ஓய்வுபெற்ற தபால்காரர். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த கதவை எனக்குக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எயர்லிஸ் வாழ்நாளில் எதற்கும் நேரத்துக்கு வந்தவளில்லை.

"உள்ள தொண்டையைத் திறந்துட்டா நீ கதவை மூடிரணும் கண்ணு," என்றார் இத்வால். "ராஜாவே வந்தாலும் சரி. கைதட்டினா தொற. அடுத்த பாட்டுக்குப் பியானோ ஆரம்பிச்சா மூடு. அவ்வளவுதான் வேலை."

முதல் பெண் பாடிக்கொண்டிருக்கும்போது எயர்லிஸ் ஓடிவந்தாள். முழங்கால்வரை சேறு, தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. என் கழுத்திலிருந்த, வெல்ஷ் கற்பவர்களுக்குக் கொடுக்கும் 'கற்கிறேன்' அட்டையைத்தான் முதலில் பார்த்தாள். அதனால் வழக்கம்போல ஆங்கிலம். "கொஞ்சம் வழி விடுங்க, என் பொண்ணு..." அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். "டெனீஸ்? நீ எங்க இங்க?"

"கதவு பாத்துக்கறேன்," என்றேன் வெல்ஷில். "கைதட்டுற வரைக்கும் நில்லு."

அவள் ஆங்கிலத்தை விடவில்லை. "சரி, கைதட்டினதும் விட்டுரு. அடுத்தது மப்லி. தொண்டையில ஆபரேஷன் ஆனப்புறம் இன்னிக்குத்தான் மேடை ஏர்றா. நான் முன்னாடி உக்காந்தாத்தான் அவளுக்குக் குரலே வரும்."

உள்ளே கைதட்டல் எழுந்தது. என் கை பிடியின் மேல் இருந்தது. நான் திறக்கவில்லை.

"டெனீஸ், தட்டறாங்க. தொற."

எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? இருபத்திரண்டு வருட ஆட்டுக்கறியும் அந்த நொடியில்தான் செரித்தது. "எயர்லிஸ்," என்றேன், அவள் மொழியில், நிதானமாக. "நாற்காலி எங்கயாவது கதவு தொறக்குமா?"

அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. அதற்குள் பியானோ ஆரம்பித்துவிட்டது. இனி நானே நினைத்தாலும் திறக்க முடியாது. பியானோ முன்னிசையை முடித்தது. குரல் வரவில்லை. யாரோ இருமினார்கள். பியானோ மறுபடி முதலிலிருந்து வாசித்தது. எயர்லிஸ் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு முதல் வரியை ஓசையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐயோ, வந்துவிடு என்று நானும் வேண்டினேன். அதை இங்கே மறைக்கப்போவதில்லை.

மூன்றாவது முறை குரல் வந்தது. மெல்லியதாக, பிறகு நேராக. கதவின் இரு பக்கமும் அம்மாவும் மகளும் ஒரே பாட்டில் இருந்தார்கள்.

இரண்டாவது சரணத்தில் எயர்லிஸ் என் பக்கம் திரும்பினாள். குரலை அடக்கிக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள்.

"உடம்பு பூரா விஷம்டி உனக்கு! எம் மேல கோவம்னா என் தலைமயிரப் பிடிச்சு இழுத்திருக்கலாம்ல? அந்தப் பிள்ளை உன்ன என்னடி பண்ணுச்சு? உன் கல்யாணத்துக்கு வந்த நாள்லயே சொன்னேன், இவ கல்லுளிமங்கின்னு..."

எல்லாம் வெல்ஷில். கற்பவர்களிடம் பேசுவதுபோல் மெதுவாக அல்ல. பண்ணைப் பெண்கள் பாதிச் சொல்லை விழுங்கிப் பேசுகிற வேகத்தில். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. அவளைத் தெரிந்த முப்பத்திரண்டு வருடத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துத் தன் மொழியில் பேசுவது இதுதான் முதல் தடவை.

உள்ளே அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். நான் கதவை அகலத் திறந்து பிடித்தேன். அவள் உள்ளே போகாமல் இன்னும் திட்டிக்கொண்டே நின்றாள். மேடை வெளிச்சம் வெளியே வந்து, எதிரெதிரே நின்ற இரண்டு ஜோடி சேற்றுக் காலணிகள் மேல் விழுந்தது.