அறுபத்தோராவது நிமிடம்

இறந்து பதினான்காம் நாள் கிருஷ்ணஸ்வாமிக்குத் தாடி வளர்ந்திருந்தது. மராத்தி ஊரான ஆகுர்டியில் ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில் அவர் மனைவி வைஜயந்தி அதை டிவியில் பார்த்தாள். 2005 ஜூலை அது. அந்த வாரம் மழை விடவே இல்லை. ஸ்கூட்டர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர், காலை ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே உயிர் விட்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்த பக்கத்து ஸீட்காரர், கேட் வந்ததும் தோளைத் தட்டினாராம்.

அவரைக் காட்டிய வீடியோ கேமராவை இரண்டு வருஷத்துக்கு முன் வைஜயந்திதான் கேம்ப் கடைவீதியில் வாங்கினாள். இருந்ததிலேயே சின்ன மாடல். பக்கவாட்டில் டிஜிட்டல் என்று வெள்ளி எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டேப், ஒரு மணி நேரம் ஓடும். பிள்ளை இல்லாத வீட்டில் இது எதற்கு என்று நாத்தனார் கேட்டாள். நிக்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வைஜயந்தி; பதில் தெரியாத கேள்வியை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். படம் எடுக்க வேறு யாரும் இல்லாததால் கணவனை எடுத்தாள். அவர் ஷேவ் செய்வதை, அவல் போஹாவில் வேர்க்கடலையைப் பொறுக்கிக் கடைசியில் தின்பதை, நின்றுபோன கடிகாரத்தை ஆட்டிப் பார்ப்பதை. இருந்த ஒரே டேப்பில் அழித்து அழித்து எடுத்தாள். கீழே போட்டுவிடுவோம் என்ற பயத்தில் கிருஷ்ணஸ்வாமி கேமராவைத் தொட மாட்டார். அதனால் டேப்பில் வைஜயந்தியின் குரல் உண்டு, அவள் கிடையாது. கடைசிப் பதினோரு நிமிடத்தில் அவர் ஆரஞ்சு உரித்தபடி, தொழிற்சாலையில் யாரோ மேனேஜரின் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன கதையைச் சொல்லிச் சிரிப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அங்கே மட்டும்தான்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊருக்குப் போன மறுநாள் அவள் டேப்பை ஓடவிட்டாள். "சரி, ஆஃப் பண்ணிடறேன்" என்று அவள் குரல் சொன்னதும் நீலத் திரை வர வேண்டும். வரவில்லை. அதே ஹால், அதே பிரம்பு நாற்காலி. அவர் மட்டும் இரண்டு வாரத் தாடியோடு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி நேராக அவளைப் பார்த்தார்.

"போறும் வைஜு, எத்தனை நாழிதான் எடுப்பே? வந்து உக்காரு."

"இங்கதான்னா இருக்கேன்" என்றாள் அவள். அவருக்குக் கேட்கவில்லை.

டேப்பைப் பின்னால் சுற்றினால் பழைய ஒரு மணி நேரம் அப்படியே இருந்தது. அறுபது நிமிடத்தைத் தாண்டினால் அவருடைய இன்றைய நாள் ஓடியது. வைஜயந்தி அதற்கேற்ப நேரத்தை வகுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டிவியைப் போட்டு, எதிரில் தட்டை வைத்துக்கொண்டு, அவர் சாப்பிடும்போது சாப்பிட்டாள். வியாழக்கிழமைகளில் கரண்ட் போய்விடும். அன்று அவர் என்ன செய்தார் என்பது தெரியாமலே போயிற்று. அங்கேயும் காலண்டர் மாறியது. ரசத்தில் புளி அதிகமாகி அவர் முகம் சுளித்தார். தலை முழுக்க நரைத்தது. தினமும் ஒரு தடவையாவது கேமராவைப் பார்த்து வந்து உட்காரச் சொன்னார்.

இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் மேல் மாடி ஆரோக்கியமேரி. திருநெல்வேலிக்காரி, பிம்ப்ரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். முதல்முறை பார்த்தபோதே, "சாருக்குக் கால் வீங்கியிருக்கே, உப்பைக் குறைக்கச் சொல்லுங்கக்கா" என்றாள். மூன்றாம் வருஷம் அவர் அடுப்புப் பற்றவைப்பதை நிறுத்தினார். பேப்பரைப் பிரிப்பதில்லை, விளக்குப் போடுவதில்லை. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிவிட்டது.

"இப்படியே போனா சார் தாங்க மாட்டாங்க" என்றாள் ஆரோக்கியமேரி. "அந்தப் பக்கம் நீங்க இல்லல்லா. அதான் காரணம்."

தன்னையும் அந்த டேப்பில் எடுக்க வழி உண்டா என்று கேட்க, வைஜயந்தி கேமராவைப் பிம்ப்ரியில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனாள். டேப்பில் இனி இடம் இல்லை, புதிதாக எடுத்தால் பழையது அத்தனை நிமிடம் அழியும் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு மாதம் யோசித்தாள். அறுபதாவது நிமிடத்தோடு ஒட்டி எடுத்தால்தான் அவர் இருக்கும் பக்கம் போய்ச் சேர முடியும் என்று தோன்றியது. அழித்தால் கடைசிப் பதினோரு நிமிடத்தைத்தான் அழிக்க வேண்டும். அந்தச் சிரிப்பை நாலைந்து தரம் போட்டுப் பார்த்தாள். 2008 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தலை வாரி, நீலப் புடவை கட்டிக்கொண்டு, கேமராவை ஆரோக்கியமேரி கையில் கொடுத்தாள்.

"சிவப்பு பட்டனை அமுக்கிட்டுப் பிடிச்சுண்டே இரு. ஆடக்கூடாது."

"ஊசி போடுத கைக்கா. ஆடாது."

வைஜயந்தி ஹாலுக்குள் நடந்து வந்து, பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, "வந்துட்டேன்" என்றாள். டேப் தீரும்வரை அப்படியே இருந்தாள்.

அன்று மாலை இருவரும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பதினோரு நிமிடம் அவள் தனியே உட்கார்ந்திருந்தாள். அறுபத்தோராவது நிமிடம் நாற்காலியில் கிருஷ்ணஸ்வாமி இருந்தார். பக்கவாட்டில் திரும்பி அவளைப் பார்த்தார்.

"இத்தனை நாழியா?" என்றார். "பசிக்கறது."

டேப்பில் இருந்த வைஜயந்தி எழுந்து சமையலறைக்குப் போனாள். குக்கர் சத்தம் கேட்டது. ஆரோக்கியமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு கிருஷ்ணஸ்வாமி கேமராப் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு இங்கே பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் கன்னம் தேறியது. கால் வீக்கம் வடிந்தது. இரண்டு பேரும் காய் வாங்கப் போய்விட, சில சாயங்காலங்களில் ஹால் மணிக்கணக்கில் காலியாகவே கிடந்தது. வைஜயந்தி தட்டோடு உட்கார்ந்து அந்தக் காலி ஹாலைப் பார்த்தாள். ஒருநாள் அவர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன பேச்சு என்று இங்கே கேட்கவில்லை. அன்று டிவியை அணைத்தவள் ஒன்பது நாள் போடவில்லை. பத்தாம் நாள், அவர் மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்க்க மட்டும் போட்டாள். சாப்பிட்டார். டம்ளரை நீட்டியது நீலப் புடவைக்காரி.

மறுவாரம் ஆரோக்கியமேரி மாடிப்படியில் எதிர்ப்பட்டு, "சார் எப்படி இருக்காங்கக்கா?" என்று கேட்டாள்.

"நன்னா இருக்கார்" என்றாள் வைஜயந்தி. "அவ பாத்துக்கறா."

நல்லது என்று சொல்லிவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டதால் ஆரோக்கியமேரி குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.